பைபோலாருக்கு இன்னொரு மாத்திரை... எத்தனை நாளைக்கு?

பைபோலாருக்கு லித்தியமோ வால்ப்ரோயேட்டோ ஏற்கெனவே போயிட்டிருக்கு. கூடவே ஓலன்சாபின் எழுதுகிறார் டாக்டர். வீட்டுக்கு வந்து கூகுள் பண்ணினா, 'ஆன்டிசைக்கோடிக்' என்று வருகிறது. 'அப்ப நான் சைக்கோவா?' என்று பலரும் பதறிவிடுகிறார்கள். எல்லாம் நம்ம சினிமா பண்ணின வேலை!

பெயரை விடுங்க. மேனியா உச்சத்தில், தூக்கமே இல்லாமல் ஓடும் மனதை லித்தியம் அடக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஓலன்சாபின் மாதிரியான மாத்திரைகள் அதைவிடச் சீக்கிரம் வேலை செய்யும். அதனால்தான் சேர்க்கிறார்கள்.

சரி, எத்தனை நாளைக்கு? கனடாவின் கேன்மேட் குழு இதையே சோதித்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. மேனியா தணிந்த பிறகு ரிஸ்பெரிடோன் அல்லது ஓலன்சாபினை 24 வாரம் தொடர்ந்தவர்களுக்கு, உடனே நிறுத்தியவர்களைவிட நோய் திரும்புவது தள்ளிப்போனது. 52 வாரம் தொடர்ந்ததில் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. எடை மட்டும் சராசரியாக 3 கிலோ ஏறியது.

சிலருக்கு இன்னும் நீண்ட நாள் தேவைப்படலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்யணும். வெயிட் போடுதுன்னு யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவது ரொம்பவே ஆபத்து. அடுத்த ரிவ்யூவில், 'இது எப்ப வரைக்கும் டாக்டர்? சுகர், கொலஸ்ட்ரால் டெஸ்ட் எப்ப எடுக்கணும்?' என்று நேரடியாகவே கேளுங்க. நடுவில் மனசு தாங்கலைன்னா டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் போன் பண்ணலாம், இலவசம்தான்.