பதவியில் இருந்தபடியே

அரசாங்கச் சம்பளம் வாங்கியவருக்கு, அதிலும் தூதராக இருந்தவருக்கு, மனித உரிமை பேசும் தகுதி கிடையாது என்று சக சிற்றிதழ் ஒன்று தீர்ப்பு எழுதியிருக்கிறது. ஓய்வுபெற்ற தூதர் ஒருவருக்குக் கிடைத்த விருதை ஒட்டி எழுந்த கோபம் அது. அந்த விருதில் நமக்கும் உடன்பாடில்லை. ஆனால் வாதம் தவறு. பதவியில் இருந்தபடியே போராடியவர்கள் உண்டு.

சென்னை சாந்தோமிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால் மாநிலக் கல்லூரி. அங்கே ஆங்கில இலக்கியம் படித்த குடகுப் பெண் சி. பி. முத்தம்மா 1949இல் வெளியுறவுப் பணிக்குள் நுழைந்தார். அப்பணிக்கு வந்த முதல் பெண். அந்தப் பணியின் 1961ஆம் ஆண்டு விதிகள், கல்யாணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும் என்றன. குடும்பம் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம் என்றும் இருந்தது. ஹங்கேரியில் தூதராக இருந்தவருக்கே பதவி உயர்வு மறுக்கப்பட்டது. ஓய்வுக்காகக் காத்திராமல், பணியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றம் போனார்.

1979 செப்டம்பரில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். மனு தள்ளுபடி. மேடையில் பேசுகிறவர்கள் இதை விட்டுவிட்டு வெற்றி என்கிறார்கள். வழக்கு நடக்கும்போதே பதவி உயர்வைக் கொடுத்து, அந்தத் திருமண அனுமதி விதியை நீக்கப்போவதாகவும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டது அரசு. அதனால் விதியை ரத்துசெய்யும் வேலை நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஆனால் பாலினப் பாகுபாட்டின் கறை படிந்த பணி விதிகள் அனைத்தையும் திருத்தச் சொல்லிற்று தீர்ப்பு. தோற்ற மனு அரசைப் பணியவைத்தது. தெருவில் இறங்கிய போராட்டத்தை மட்டுமே போராட்டமாக எண்ணுகிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

ரோஜர் கேஸ்மென்ட் நமக்குப் பழைய பித்து. காங்கோவின் ரப்பர் காடுகளில் நடந்த கொடுமைகளை 1904இல் உலகறியச் செய்தது பிரிட்டிஷ் கான்சலாக அவர் எழுதிய அலுவலக அறிக்கை. பிறகு அமேசானின் புட்டுமாயோ போனார்; அங்கே கொள்ளையடித்தது லண்டனில் பதிவான கம்பெனி. கடைசியில் அயர்லாந்தின் விடுதலைக்காக நின்றவரை 1916இல் அதே பிரிட்டன் தூக்கிலிட்டது. அவரையும் சம்பளக்காரர் என்று தள்ளிவிடுவோமா?

கோட்பாட்டுச் சண்டைகளுக்கு நூறு பக்கம் ஒதுக்கும் நம் இதழ்கள் முத்தம்மாவுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை. அவர் 2009இல் இறந்தபோதும் மௌனம்தான். அந்தத் தீர்ப்பு மிகச் சிறியது. யாரேனும் தமிழாக்கி அனுப்புங்கள். அடுத்த இதழில் முழுமையாக வெளியிடுகிறோம்.