குமாரமங்கலத்துக்காரரின் வாதம்



சேலம் அரசு மருத்துவக் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பிள்ளை மோகன் குமாரமங்கலம். கேம்பிரிட்ஜில் படித்தவர், கம்யூனிஸ்டாக இருந்தவர், பிறகு இந்திரா காந்தி அமைச்சரவையில் உருக்குத் துறையைப் பார்த்தவர். நீதிபதிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற இன்றைய சண்டையில் அவருடைய குரலும் கலந்திருப்பது இளைய வாசகர்களுக்குப் புதிதாக இருக்கலாம்.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்க முடியாது என்றார்கள் ஏழு பேர். மறுநாளே ஏ.என்.ரே புதிய தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். அவருக்கு மூத்தவர்களான ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரும் அந்த ஏழு பேரில் இருந்தவர்கள், ரே மறுபக்கம். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

மக்களவையில் எழுந்து நின்று ரேயின் நியமனத்தை நியாயப்படுத்தியவர் குமாரமங்கலம். நீதிபதியின் சமூகப் பார்வையையும் எடைபோட்டுத்தான் அரசு தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், புத்தகமாகவும் எழுதினார். வங்கி நாட்டுடைமையும் மன்னர் மானிய ஒழிப்பும் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்ட கோபம் அவருக்கு இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

காரணம் இதுதான்: சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் எடுக்க வந்தபோது நம் உழவர்கள் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். 2019 ஏப்ரலில் அங்கே நிலமெடுப்பு அறிவிப்பு ரத்தானது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றியது. வென்றாலும் தோற்றாலும், எதிரே நின்றது அரசு. அந்த அரசே தன் பார்வைக்கு ஒத்த நீதிபதியைப் பொறுக்கி உட்கார வைக்கலாம் என்றால், பட்டாவைக் கையில் வைத்திருப்பவர் எந்த நம்பிக்கையில் படியேறுவார்?

நெருக்கடி நிலையில் குடிமக்களின் உரிமைக்காகத் தனித்து நின்ற நீதிபதி எச்.ஆர்.கன்னா, 1977 ஜனவரியில் அதே முறையில் ஒதுக்கப்பட்டார். இந்தக் காயங்களெல்லாம் சேர்ந்துதான் 1993 தீர்ப்பு வந்தது, கொலீஜியம் பிறந்தது. மூத்த நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் இந்த முறையிலும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. பெயர்கள் எப்படி வருகின்றன, எந்தச் சமூகங்கள் விடுபடுகின்றன என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. 2015இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தானபோது, மாறுபட்ட நீதிபதி செலமேஸ்வர் கவலைப்பட்டதும் இந்த மூடிய கதவைப் பற்றித்தான்.

ஆனாலும் பார்வையைச் சோதிக்கும் பழக்கம் போகவில்லை. சென்னை வழக்கறிஞர் ஜான் சத்யன், பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்று உளவுத்துறை குறிப்பு எழுதியது. அது தகுதிக் குறைவாகாது என்று கொலீஜியம் 2023 ஜனவரியில் அவரை உயர் நீதிமன்ற நீதிபதி பதவிக்கு மீண்டும் பரிந்துரைத்தது. அவருக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லியும், அவருக்குப் பின்னால் பரிந்துரைக்கப்பட்ட ஐந்து பேர்தான் பிப்ரவரி 7 அன்று பதவியேற்றார்கள்.


ஆசிரியர்