இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே!

ஹாஸ்டலில் தினமும் காதில் விழுகிற வாக்கியம் இது. மூணு வருஷமா ஹெல்மெட் போடாமதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே. ரெண்டு செமஸ்டரா அந்த யூனிட்டை விட்டுட்டுதான் போறோம், பாஸ் ஆகலையா? அனுபவத்திலிருந்து பேசுவது போலத்தான் இருக்கும். இதே லாஜிக்கை நம்பித்தான் நாசா ஒரு விண்கலத்தை இழந்தது.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, சூடான வாயுவை அடைக்க முடியாமல் போனது. அந்த வளையம் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் "அரிச்சும் பத்திரமா திரும்பி வந்துச்சே" என்பதையே பாதுகாப்புக்கு ஆதாரமாக்கிவிட்டார்கள். ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குதானே அரிச்சிருக்கு, அப்போ ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி 3 என்று ஒரு கணக்கு வேறு! லிஃப்ட் கம்பியில் மூன்றில் ஒரு பங்கு இழை அறுந்து கிடந்தால் நீங்க அதில் ஏறுவீங்களா?

விபத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபைன்மன் விசாரித்தார். நிர்வாகத்தின் பதில் ஒரு லட்சத்தில் ஒன்று. தினமும் ஒன்று ஏவினாலும் 270 வருஷத்துக்கு மேல் ஓடணும். பொறியாளர்கள் சொன்னது சுமார் நூறில் ஒன்று. 2011-ல் திட்டம் முடிந்தபோது மொத்தம் 135 பயணங்கள், 2 விபத்துகள்.

எனக்கு இதைவிட உறுத்துவது முந்தின நாள் ராத்திரி நடந்தது. 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் கம்பெனியின் பொறியாளர்கள் சொன்னார்கள். ஆனால் அன்று ஒப்பிட்டுப் பார்த்தது பழுது ஏற்பட்ட பயணங்களின் வெப்பநிலையை மட்டும்தான். அதில் பேட்டர்ன் எதுவும் தெரியவில்லை. பழுது இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்த விசாரணைக் குழுவுக்குத் தெரிந்தது வேறு: 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்களில் 3-ல்தான் பழுது. 63-ம் அதற்குக் கீழும் நாலுக்கு நாலிலும் பழுது. ஏவிய நேரத்தில் வெளியே 36 டிகிரி.

கண்டிப்பா வெடிக்கும் என்று அந்தப் பொறியாளர்களால் நிரூபிக்க முடியவில்லை. உறுதியா தெரியலைன்னா ஏவலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். உறுதியா தெரியலைன்னா நிறுத்தலாம் என்று ஏன் தோணலை?

நமக்கும் ப்ராபபிலிட்டி பேப்பர் இருக்கு. பகடை, பையில் சிவப்புப் பந்து, டேபிளைப் பார்த்து விடை, அவ்வளவுதான். அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து இந்த ஓ-ரிங் டேட்டாவை போர்டில் போட்டு, "நாளைக்கு ஏவலாமா, வேண்டாமா?" என்று கேட்கலாம். பதிலோடு எவ்வளவு நிச்சயம் என்பதையும் எழுதச் சொல்லணும். "நூறு சதவீதம்" என்று எழுதுறவங்களுக்கு மார்க் குறைக்கணும்.