நேர்ச்சையில் பிறந்த நாவல்

1940ஆம் ஆண்டு. பிரான்சு நாடு நாசிப் படைகளிடம் வீழ்ந்துவிட்டது. பிராகு நகரில் 1890இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, எழுத்தாளராகப் பெரும்புகழ் எய்தியிருந்த பிரான்சு வெர்பெல், மனைவியுடன் லூர்து நகரில் புகலடைந்தார். பெர்னதெத்தின் வரலாற்றை ஆழ்ந்து அறிந்தது அங்கேதான். உயிர் தப்பி அமெரிக்கா சேர்ந்தால் அவ்வேழைச் சிறுமியின் கதையை எழுதுவேன் என நேர்ந்துகொண்டார்.

இதய நோயாளியான அவர் பிரனீசு மலையைக் கால்நடையாகவே கடந்தார். நேர்ச்சையை மறக்கவில்லை. 'பெர்னதெத்தின் பாடல்' 1941இல் வெளிவந்தது. நம் ஜெபமாலையைப் போலவே ஐந்து பகுதிகள். பகுதிக்குப் பத்து அத்தியாயங்கள்! 1942இல் அமெரிக்காவில் மிகுதியாய் விற்ற நாவல் அதுவே. மறு ஆண்டில் திரைப்படமும் ஆயிற்று.

ஆயினும், தாம் கத்தோலிக்கரல்லர், யூதரே என்று முன்னுரையில் ஒளிவின்றி உரைத்துள்ளார். தம் மக்கள் வேட்டையாடப்படும் வேளையில் அவர்களை விட்டு விலகித் திருமுழுக்குப் பெற அவர் மனம் ஒப்பவில்லை. அவரை நம்மவராக்கிக்கொள்ளத் துடிப்போர்க்கு இது கசக்கலாம். எமக்கோ, அவர் அன்னைமீது கொண்ட அன்பில் ஆதாயக் கணக்கு ஏதுமில்லை என்பதற்கு இதுவே சான்றாகத் தோன்றுகிறது.

1945இல் கலிபோர்னியாவில், தம் கவிதைகளைத் திருத்திக்கொண்டிருக்கையில், எழுதுமேசையருகிலேயே அவர் உயிர் பிரிந்தது.