பல்லும் சொல்லும்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. எதுகை இனிமைக்காக எழுந்த விளையாட்டுச் சொல்லென இதனைக் கருதுவார் பலர். இலக்கணங் கற்றார் அவ்வாறு கருதார். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்களின் பிறப்பிற்குரிய உறுப்புக்களை வகுக்குமிடத்துத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினை எண்ணுகின்றார். பல் அவற்றுள் ஒன்று. தகர நகரங்கள் பிறப்பதற்கு நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்த வேண்டும். வகரத்துக்குப் பல்லும் இதழும் இயைய வேண்டும். லகர ளகரங்களுக்கு நாவின் விளிம்பு பல்லடியை நாட வேண்டும். ரகர ழகரங்களுக்கோ நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருட வேண்டும். ஆகவே பழமொழி சொன்னது வெறும் ஓசையன்று. ஒலியியல் உண்மையே ஆம்.

எங்கள் கீழைமொழிக் கல்லூரியில் எழுத்ததிகாரம் பாடஞ் சொல்லும்போதெல்லாம் இந்நுட்பத்தை மாணவர்க்கு எடுத்துக் காட்டுவது என் வழக்கம். இன்று யான் எழுத முற்பட்டது இலக்கணப் பாடம் அன்று. பல்லனைத்தும் இழந்து, கட்டுப்பல் அணிந்து, அக்கட்டுப்பல்லும் வாயில் நிலைகொள்ளாது தத்தளிக்கும் முதியோரைப் பற்றியே எழுதுகின்றேன். இஃது இலக்கியப் பகுதிக்கு உரிய பொருளோ என வினவுவாரும் உளர். பேசும் வாய் இன்றி இலக்கியம் ஏது என்பதே அவர்க்கு என் விடை.

நம்மிடையே பொய்ப்பல் நகைப்புக்குரிய பொருளாகவே இருந்து வருகின்றது. தாத்தா தும்மினார், பல் பாயில் விழுந்தது என்று சொல்லிச் சிரியாத வீடு இல்லை. உணவு உண்ணும்போது கழற்றிக் கிண்ணத்தில் இடுவதும், விருந்தினர் வரும்போது மாத்திரம் எடுத்து மாட்டுவதும், வெளியே செல்லும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்வதும் நாம் நாள்தோறும் காணும் காட்சிகள். உண்பதற்கென்று செய்த பல்லை உண்ணும்போது கழற்ற நேர்வது எத்துணைப் பெரிய முரண்! தென்னை முக்கோணம் எனப் பெயர்பெற்ற இந்நிலப்பரப்பில் வாழ்ந்தும் ஒரு தேங்காய்ச் சொட்டினை மெல்ல இயலாதவராய், கருவாட்டு மணம் வீசும் கரையில் இருந்தும் கஞ்சியும் குழைந்த சோறுமே கதியென்று காலந் தள்ளும் முதியோர் எத்தனை பேர்!

உணவாவது பசியோடு போகும். சொல் போனாற் போவது அவ்வளவில் நில்லாது. எங்கள் கரையோரக் கோயிலொன்றிற் பல்லாண்டுகளாகப் புராணம் படித்து வந்த பெரியவர் ஒருவரை யான் அறிவேன். ஒருவர் பாட்டைப் பாட, மற்றொருவர் பயன் சொல்வது எங்கள் மரபு. அப்பெரியவர் பாடினால் சந்தி பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவுடனே சொற்கள் தாமே பிரிந்து நிற்கும். பல்லிழந்து கட்டுப்பல் அணிந்த பின்னர், ழகரம் வருமிடந்தோறும் கீழ்த்தட்டு மேலெழுந்து ‘கடக்’கென ஒலித்தது. முதியோர் பொறுமையோடு இருந்தனர். பின்வரிசைச் சிறுவர் சிலர் சிரித்துவிட்டனர். அடுத்த ஆண்டு அவர் ஏட்டைத் தொடவில்லை. கண் பார்வை குறைந்ததென்று காரணங் கூறினார். கண் நன்றாகவே இருந்தது என்பதை அவரும் அறிவார், யாமும் அறிவோம். அவருக்குப் பின் அவ்வாறு படிப்பார் இன்றுவரை அக்கோயிலில் இல்லை.

கீழ்த்தட்டு மேலெழுவது ஏன்? மேல்தட்டு அண்ணம் முழுவதையும் மூடி அகன்று இருத்தலின், உமிழ்நீரின் உதவியால் ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. கீழ்த்தட்டோ குதிரை லாடம் போன்று ஒடுங்கிய வடிவினது. அதன் நடுவே நாக்கும், வெளிப்புறத்தே கன்னமும் இதழும் ஓயாது அசைகின்றன. அது பற்றி நிற்பதற்குள்ள இடம் மிகச் சிறிது. அன்றியும், பல் பிடுங்கப்பட்ட பின்னர், அதனைத் தாங்கியிருந்த எலும்பு தனக்குத் தொழில் இல்லாமையால் ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகின்றது. கட்டுப்பல் அணிந்தோரை 25 ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்து டால்கிரென் என்னும் அறிஞர் 1972இல் வெளியிட்ட முடிவின்படி, கீழ்த்தாடையின் தேய்வு மேல்தாடையினதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. கரை அரிக்கும் கடலை அறிந்த எங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கரையே கரைந்துபோனால் அதன்மீது வைத்த தோணி எங்ஙனம் நிற்கும்?

எனவே நாக்கு என்ன செய்கின்றது? தான் எழுந்தால் தட்டும் எழும் என்று அஞ்சி, அதனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காவலிருக்கின்றது. காவலிருக்கும் நாவு அண்ணத்தை வருடுவது எவ்வாறு? ழகரத்துக்குக் கீழ்ப்பல் வேண்டுமெனத் தொல்காப்பியர் கூறவில்லை. ஆயின் விடுதலை பெற்ற நாவு வேண்டும். தளர்ந்த தட்டு அவ்விடுதலையைப் பறித்துவிடுகின்றது.

இவ்விடர் பழமையானது. அமெரிக்க நாட்டின் முதற் குடியரசுத் தலைவர் ஜோர்ஜ் வாஷிங்டன் 1789இற் பதவியேற்றபோது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு பல். யானைத் தந்தமும் நீர்யானைத் தந்தமும் ஈயமும் கொண்டு செய்த கட்டுப்பற்களால் அவர் பெருந் துன்பமுற்றார். பின்னர், கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டியாக்கிய இரப்பர்த் தட்டுக்கள் வந்தன; 1930களின் பிற்பகுதியில் அக்கிரிலிக்குத் தட்டுக்கள் வந்தன. பொருள் மாறியது, நிறம் அழகுபெற்றது, விலை குறைந்தது. ஆயினும் ஈறின்மேல் இருத்தி வைப்பது என்ற முறை மாறவில்லை. வேரில்லாத மரத்தை நிலத்தின்மேல் நிறுத்தி வைத்தலையே எல்லாரும் செய்தனர்.

வேரூன்றும் வழியைக் காட்டியவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பிரானெமார்க். 1950களில் அவர் முயலின் எலும்பினுள் தைத்தேனியம் என்னும் உலோகத்தாலான சிறு கருவியைப் பதித்து, எலும்பில் குருதி ஓடும் வகையை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்ததும் கருவியை எடுக்க முயன்றார், எடுக்க முடியவில்லை. எலும்பு அவ்வுலோகத்தை அயற்பொருளென ஒதுக்காது தன்னோடு ஒன்றாக்கிக்கொண்டிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. 1965இல் யோதெபோரி நகரில் யோஸ்தா லார்சன் என்பவரின் தாடையில் முதன்முதலாக இத்தகைய வேர்கள் பதிக்கப்பட்டன. 2006இல் அவர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குத் துணைநின்றன. மருத்துவ உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1982இல் தொரொன்தோவில் நடைபெற்ற மாநாட்டின் பின்னரே இம்முறை பரவலாக ஏற்கப்பட்டது. இவ்வுலோகத்தின் மூலப்பொருளாகிய இல்மனைற்றும் ரூட்டைலும் நமது நாட்டிலேயே புல்மோட்டைக் கடற்கரை மணலில் நிறைந்து கிடக்கின்றன என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்ளலாம். கரை மணலை அனுப்பிவிட்டு, அதே உலோகம் உயர்ந்த விலையில் திரும்பி வரக் காத்திருக்கின்றோம்.

முறை இதுவே: வாய் விறைக்க ஊசி இட்டு, கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரு சிறு திருகுகளைப் பதிக்கின்றனர். அவை சிறு விரலின் நகக்கணுவளவு நீளமும் இல்லாதவை. சில கிழமைகள் முதல் சில மாதங்கள் வரை எலும்பு அவற்றைப் பற்றிக்கொள்ளக் காத்திருந்து, பின்னர் அவற்றின்மேற் சிறு குமிழ்களைப் பொருத்துகின்றனர். கட்டுப்பல்லின் அடியில் அவற்றுக்கேற்ற குழிகள் அமைக்கப்படும். சட்டையின் அமுக்குப் பொத்தான் போன்று, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும்; இழுத்தால் கழன்று வரும். 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர்கள், பல்லனைத்தும் இழந்த கீழ்த்தாடைக்கு இரண்டு வேர்களின்மேல் நிற்கும் கட்டுப்பல்லே முதல் தெரிவாக இருத்தல் வேண்டும் என்று அறிவித்தனர். 2009இல் இங்கிலாந்தின் யோர்க் நகரிற் கூடியோரும் அதனை வழிமொழிந்தனர். இரண்டே இரண்டு வேர்கள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன்.

இதற்கு எழும் தடைகள் மூன்று.

முதலாவது, ‘காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது, கிழவனுக்குப் புதுப்பல் எதற்கு?’ என்பது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிருவர்க்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அறுபதின்மேல் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்வார்க்கு நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு. அவ்வளவு வேளையும் மெல்லாது விழுங்கென விதிப்பது அறமாகுமா? முதுமை மாத்திரம் இச்சிகிச்சைக்குத் தடையன்று என்பதே மருத்துவர் கருத்து.

இரண்டாவது, ‘இஃது அழகுக்கான ஆடம்பரம்’ என்பது. கண்ணுக்குக் கண்ணாடி ஆடம்பரமாயின் இதுவும் ஆடம்பரமே. கண்புரை நீக்கி வில்லை பொருத்துவதை இன்று எவரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. மெல்லுதலும் பேசுதலும் காண்டலுக்கு எவ்வகையிற் குறைந்தன?

மூன்றாவது, செலவு. இதுவே மெய்யான தடை. மீன்பிடித்தும் உப்பளத்தில் உழைத்தும் பிழைத்த ஒருவர் தனியார் மருத்துவமனையில் இதனைச் செய்துகொள்ள நினைப்பதும் அரிது. ஆகவேதான் இஃது அரசின் கடமை என்கின்றேன். நமது அரசாங்க மருத்துவமனைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமை நம் மக்கள் பெற்ற பெருஞ்செல்வம். பேராதனையிற் பல் மருத்துவ பீடம் உண்டு. கொழும்பிற் தேசிய பல் வைத்தியசாலை உண்டு. புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கற்பிட்டி முனையில் வாழ்வார்க்கு இன்னும் தொலைவு. திருகு பதிக்க ஒருமுறை போய்வரலாம். குமிழைப் பற்றும் வளையங்கள் தேயும். அவற்றை அவ்வப்போது மாற்ற வேண்டும். வேரைச் சுற்றிய ஈறு அழற்சியுறாது பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் எழுபது வயதினர் ஒருவர் பேரூந்தேறிக் கொழும்பு செல்வது எங்ஙனம்? பதிப்பது பெரிய மருத்துவமனையிலாயினும், பின்னர்ப் பேணுவது சிலாபத்திலும் புத்தளத்திலுமுள்ள அரசாங்க மருத்துவமனைகளில் நடைபெற ஏற்பாடு வேண்டும். எல்லார்க்கும் ஒரே நாளில் இயலாதாயின், தட்டு எவ்வகையாலும் நிலைகொள்ளாத எலும்பு தேய்ந்தோரிலிருந்து தொடங்கலாம்.

மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. தளர்ந்த தட்டு யாவுக்கும் திருகு வேண்டுவதில்லை. பல தட்டுக்கள் பல ஆண்டுகளுக்கு முன் செய்தவை. எலும்பு தேய்ந்தமையால் அளவு தப்பியவை. அவற்றின் உட்புறத்தை ஈறுக்கேற்பப் புதுப்பித்தாலே குறை தீர்வதுண்டு. அதனை முதலிற் கேளுங்கள். நீரிழிவு கட்டுக்கடங்காதவர், மிகுதியாகப் புகைப்பவர், தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர், எலும்புத் தேய்வுக்கெனச் சிலவகை மருந்து கொள்பவர் ஆகியோர் அவற்றை மருத்துவர்க்கு மறையாது உரைத்தல் வேண்டும். வெற்றிலை போடும் வழக்கமுடையார் வாய் முழுவதையும் முதலிற் சோதிப்பித்துக்கொள்ளுதல் நன்று. நம் நாட்டு ஆண்மக்களிடையே மிகுதியாகக் காணும் புற்று வாய்ப்புற்றே. கீழ்த்தாடைக்கு இரண்டு போதுமாயிருக்க நான்கும் ஆறும் பதிக்கச் சொல்வாராயின், காரணம் கேட்க அஞ்ச வேண்டாம்.

இவ்வளவும் யான் வற்புறுத்துவதற்குத் தனியே ஒரு காரணமும் உண்டு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையிலே தமிழ் பேசிய எத்தனையோ குடும்பங்கள் கடந்த நூற்றாண்டிற் சிங்களத்துக்கு மாறிவிட்டன. பள்ளியில் மொழி மாறிற்று; பின்னர் வீட்டில் மாறிற்று. எம்மொழியையும் யான் பகைப்பவன் அல்லேன். ஆயினும் இக்கரையில் எஞ்சியுள்ள தமிழ் எங்கே இருக்கின்றது என்று கேட்டால், நூலகத்தில் என்று விடை சொல்ல இயலாது. உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலில் இருக்கின்றது. ஆச்சி சொல்லும் கதையில் இருக்கின்றது. முதியோர் ஒருவரையொருவர் விளிக்கும் சொல்லில் இருக்கின்றது. அச்சேறாத அத்தமிழுக்கு அவர் வாயே ஏடு. தனித்தமிழ் ஒலிகளைச் சிறுவர் கற்பது புத்தகத்திலன்று, பெரியோர் வாயிலிருந்து. அவ்வாய் வெட்கத்தால் மூடிக்கொண்டால், பள்ளிக்கூடத்தில் யான் நாள் முழுவதும் பிறப்பியல் நடத்தினும் ழகரம் பிறவாது.

ஆதலின் வீட்டிலுள்ளோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தந்தையோ தாயோ கொஞ்சநாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டிருப்பாராயின், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பந்தியில் உட்காராது பின்னர்த் தனியே உண்பாராயின், பழக்கம் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். அவரது கட்டுப்பல்லைப் பாருங்கள். அது நிலைகொள்கின்றதா என்று கேளுங்கள். பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையை நடத்துவார்க்கும் ஒன்று சொல்வேன்: நோயாளர் பட்டியலில் இம்முதியோர் வலியால் அலறுபவர் அல்லர், ஆதலின் வரிசையில் எப்போதும் பின்தள்ளப்படுகின்றனர். அலறுவதற்கும் சொல் வேண்டுமன்றோ? அச்சொல்லைத்தான் அவர்கள் இழந்து நிற்கின்றனர்.