பழி ஓரிடம், பழுது வேறிடம்

“அப்டேட் போட்டேன், அன்றிலிருந்து டவரே எடுக்கவில்லை.” கைப்பேசி இருக்கும் எல்லா ஊர்களிலும் இந்தப் பேச்சு உண்டு. கூடவே ஓர் அறிவுரையும் வரும்: “இனிமேல் அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று தள்ளிவிடு.” பழவேற்காடு ஏரியையும் கடலையும் நம்பி வாழும் கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கோரைக்குப்பம் போன்ற ஊர்களில் இந்த அறிவுரையைக் கேட்டு நடப்பவர் இழப்பது அதிகம். நண்டுக்கும் இறாலுக்கும் இன்று என்ன விலை, காற்று எப்படித் திரும்பும், முகத்துவாரம் படகு போகும் நிலையில் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே போனில்தான் தெரிகிறது.

மீனவர் கையில் சிக்னலின் மதிப்பு என்ன என்பதைப் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் அளந்து காட்டியிருக்கிறார். 1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை படிப்படியாக வந்தபோது, மத்தி பிடித்தவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது. வாங்குபவர் கொடுத்த விலையோ 4 விழுக்காடு குறைந்தது. எந்தக் கரையில் ஏலம் நன்றாகப் போகிறது என்று கடலிலிருந்தே கேட்க முடிந்ததுதான் காரணம். 2007-இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. இவ்வளவு மதிப்புள்ள ஒன்று குறையும்போது, காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டும். அப்டேட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்தால் உண்மையான பழுது அப்படியே கிடக்கும். அந்தப் பழிக்குத் துணையாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“அப்டேட்டுக்குப் பிறகு போனது, எனவே அப்டேட்டால்தான் போனது”

அப்டேட் சிக்னலைக் கெடுத்த சம்பவங்கள் உண்டு. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 8.0.1, ஐபோன் 6, 6 பிளஸ் வைத்திருந்த பலருக்கு கைப்பேசிச் சேவையையே துண்டித்தது. 2021 டிசம்பர் அப்டேட்டுக்குப் பிறகு கூகுள் பிக்சல் 6 வைத்திருந்த பலருக்கு அழைப்புகள் அறுந்தன. இவற்றை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அப்படிப்பட்ட பழுதுக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒரே மாடல் வைத்திருக்கும் ஏராளமானோருக்கு, எந்த ஊரில் இருந்தாலும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் அது நேரும். பொன்னேரி பஸ் நிலையத்தில் நன்றாகப் பேசும் போன், குப்பத்து வீட்டுக்குள் வந்ததும் ஊமையானால் அது அப்டேட்டின் வேலையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்த வீட்டுக்கு வந்து சேரும் அலையே மெலிந்தது.

பழவேற்காடு ஏரி ஆழமில்லாதது. தண்ணீர் வற்றிய நேரத்தில் ஒருவர் கூடுதலாக ஏறியதும் படகு தரைதட்டினால், கடைசியாக ஏறியவரைத் திட்டிப் பயனில்லை, தண்ணீர் போதவில்லை. சிக்னலும் அப்படித்தான். விளிம்பில் நிற்கும் சிக்னலை எந்தச் சிறு மாற்றமும் கவிழ்க்கும். அப்டேட் முடிந்து போன் புதிதாக டவரைத் தேடும்போது வேறு அலைவரிசையைப் பிடித்திருக்கலாம். டவருக்கு மின்சாரம் நின்று பேட்டரியும் தீர்ந்திருக்கலாம். நிறுவனம் பழைய அலைவரிசையைப் புதிய சேவைக்கு மாற்றியிருக்கலாம்; ஏர்டெல் 2019-இல் தொடங்கி 3ஜியை நிறுத்தி அந்த அலைகளை 4ஜிக்குக் கொடுத்தது ஓர் உதாரணம். டவரில் நடக்கும் மாற்றம் நம் திரையில் அறிவிப்பாக வருவதில்லை. அப்டேட் மட்டும் அறிவித்துவிட்டு வருகிறது. கண்ணில் பட்டது அதுதான் என்பதால் பழியும் அதற்கே போகிறது.

“கோடுகள் குறைந்துவிட்டதே, அதைவிடச் சாட்சி வேண்டுமா?”

திரையின் மேல் ஓரத்தில் நிற்கும் கோடுகளுக்கு உலகப் பொது அளவு கிடையாது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் மென்பொருளில் தானே முடிவு செய்கிறது. 2010 ஜூலையில் ஆப்பிள் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஐபோன் 4 பற்றிய புகார்கள் குவிந்தபோது, தங்கள் கணக்கு தவறு என்றும், பல இடங்களில் இருக்க வேண்டியதைவிட இரண்டு கோடு அதிகமாகக் காட்டியது என்றும் அறிவித்தது. அதே மாதம் வந்த அப்டேட் கணக்கைத் திருத்தியது. கோடு குறைந்தது, வந்து சேர்ந்த அலை குறையவில்லை.

உண்மை தெரிய வேண்டுமானால் எண்ணைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலானவற்றில் செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதியில், ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் டிபிஎம் அளவில் ஓர் எண் இருக்கும். அது மைனஸ் எண். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 105 தாண்டினால் மெலிவு. மைனஸ் 115-ஐத் தாண்டினால் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும். பத்து எண் இறங்கினால் வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது, இருபது இறங்கினால் நூறில் ஒரு பங்கு. மைனஸ் 85-க்கும் மைனஸ் 105-க்கும் இடையே இவ்வளவு தூரம்.

எண்ணைப் பார்க்கத் தொடங்கினால் இடத்தின் பங்கும் தெரியும். ஓலைக் கூரை அலையை அதிகம் தடுக்காது. கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும் தகரக் கூரையும் நன்றாகவே தடுக்கும். ஏரி நடுவே தடை இல்லாததால் அலை தொலைவுக்கும் வரும். ஆனால் உப்பு நீரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் ஓரிடத்தில் ஒன்றையொன்று வலுவாக்கும், இன்னோரிடத்தில் அழிக்கும். படகு சற்று நகர்ந்தாலே எண் மாறுவது இதனால்தான்.

“5ஜி வந்த பிறகும் எடுக்கவில்லை என்றால் போனை அப்டேட்தான் கெடுத்திருக்கிறது”

இந்த வாதத்தில் உண்மை கலந்திருப்பதால் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அப்போது மக்கள் கையில் இருந்த பல 5ஜி போன்களில் அதைத் திறந்துவிடும் மென்பொருள் இல்லை. அப்டேட் வழியாகத்தான் வந்தது. ஐபோன்களுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 உடன் வந்தது. அதாவது, அப்டேட்டுக்குப் பிறகு போன் முன்பு தேடாத அலையைத் தேடத் தொடங்கியது.

இங்கு 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை வேகம் தரும். ஆனால் 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளைப் போல நீண்ட தூரம் போகாது, சுவரையும் எளிதில் ஊடுருவாது. டவரிலிருந்து விலகிய குப்பத்தில் போன் 5ஜியைப் பிடிப்பதும் விடுவதுமாக அலைந்தால் பேட்டரியும் கரையும், அழைப்பும் தடுமாறும். செட்டிங்ஸில் விருப்ப நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றி ஒரு நாள் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இன்னொன்று வோல்ட்இ. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. குரல் வோல்ட்இ முறையில் 4ஜி வழியாகத்தான் போகும். அப்டேட்டுக்குப் பிறகு வோல்ட்இ பொத்தான் அணைந்திருந்தால் இணையம் ஓடும், அழைப்பு போகாது. அதைத் திரும்பப் போட்டாலே போதும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பதையும் மறக்கக் கூடாது. வடக்கே போகும் படகில் இருக்கும் போன் ஆந்திர டவரைப் பிடிக்கும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருந்தால், ஒரு மாநில நெட்வொர்க்கை விட்டு மற்றதற்கு மாறத் தெரியாமல் நிற்கலாம். ‘ஆட்டோமேட்டிக்’ என்று வைப்பதே எல்லை ஊர்களுக்குப் பொருத்தம்.

“புதுப் போன் விற்க நிறுவனமே வேண்டுமென்று கெடுக்கிறது”

இந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னது. ஆனாலும் வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லாதது தவறு. அமெரிக்காவில் வழக்கு 2020-இல் 50 கோடி டாலர் வரையிலான உடன்பாட்டில் முடிந்தது.

ஆனால் அது போன் இயங்கும் வேகம் பற்றியது. சிக்னல் பற்றியது அல்ல. சிக்னலைக் கெடுத்த அப்டேட்டுகளின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 2014-இல் வந்த அந்த அப்டேட்டை ஆப்பிள் சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்று, அடுத்த நாளே திருத்தம் கொடுத்தது. பிக்சல் அப்டேட்டை கூகுள் நிறுத்திவைத்து 2022 ஜனவரியில் சரிசெய்தது. அழைப்பு போகாத போன் நிறுவனத்தின் பெயரைத்தான் முதலில் கெடுக்கும். உங்கள் மாடலுக்கு உண்மையிலேயே அப்டேட்டால் பழுது வந்திருந்தால், மருந்து அடுத்த அப்டேட்டில்தான் வரும்.

“அப்டேட் போடாமல் இருப்பதே பாதுகாப்பு”

மிகவும் ஆபத்தான வாதம் இதுதான். 2023 மார்ச்சில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, போனை டவரோடு இணைக்கும் சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் 18 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டதாக அறிவித்தது. அவற்றில் நான்கு மிகக் கடுமையானவை: போன் எண் மட்டும் தெரிந்தால் போதும், உரிமையாளர் எதையும் தொடாமலேயே தொலைவிலிருந்து உள்ளே நுழைய முடியும். அவற்றை அடைக்கும் திருத்தம் அப்டேட் வழியாகத்தான் வந்தது. ஏலப் பணமும் டீசல் பணமும் யுபிஐயில் போகும் காலத்தில், பழைய மென்பொருளோடு நிற்பது வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டுக் கடலுக்குப் போவதற்குச் சமம்.

“கடையில் கொடுத்து ஃபார்மட் அடி, இல்லையேல் பூஸ்டர் வாங்கு”

ஃபார்மட் கடைசி வழி. படங்கள் அழியும், யுபிஐ மீண்டும் பதிய எஸ்எம்எஸ் போக வேண்டும், அதற்கே சிக்னல் வேண்டும். முதலில் ஃப்ளைட் மோடைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுங்கள். பிறகு போனை அணைத்துப் போடுங்கள். சிம்மை வெளியே எடுத்து உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள்; உப்புக்காற்றும் ஈரமும் அதன் தகட்டை அரிக்கும். உலோகத் தகடு உள்ள கவரைக் கழற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யுங்கள். வைஃபை கடவுச்சொல்லும் புளூடூத் இணைப்பும்தான் போகும், படமும் எண்களும் போகாது.

பிறகு தீர்ப்புச் சொல்லும் சோதனை: அதே இடத்தில் நின்று உங்கள் சிம்மை வேறு போனில் போடுங்கள், வேறு நிறுவனத்தின் சிம்மை உங்கள் போனில் போடுங்கள். உங்கள் சிம் எந்தப் போனிலும் எடுக்கவில்லை என்றால் குறை சிம்மிலோ டவரிலோ இருக்கிறது. எந்த சிம்மும் உங்கள் போனில் எடுக்கவில்லை என்றால் குறை போனில்.

ஒட்டினால் சிக்னல் கூடும் என்று விற்கும் ஸ்டிக்கரால் எந்தப் பயனும் இல்லை. அனுமதி இல்லாத பூஸ்டர் கருவி வைப்பது சட்டப்படி குற்றம். அதன் இரைச்சல் டவரின் காதை அடைத்து, சுற்றியுள்ள வீடுகளின் அழைப்பையும் கெடுக்கும்.

“ஏரிக்கரை இப்படித்தான் இருக்கும்”

எல்லாச் சோதனையும் முடிந்து டவர்தான் குறை என்று தெரிந்த பிறகு வரும் சலிப்பு இது. ஒவ்வொருவரும் தன் போனையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் புகாரே பதிவாகாது. புகார் இல்லாத ஊரில் குறை இல்லை என்றே கணக்கு எழுதப்படும். எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 சேவைத்தர விதிகள் சொல்கின்றன. அந்த வரைபடத்தில் உங்கள் குப்பத்தின் மேல் நிறம் பூசியிருந்து, உங்கள் திரையில் மைனஸ் 118 நின்றால், அது கேள்வி கேட்பதற்கான ஆதாரம். 198-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.

டவர் நன்றாக இருந்தாலும் கடலில் போன் உயிர்காக்கும் கருவி ஆகாது. கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது. 2017-இல் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராத கொடுமைக்குப் பிறகுதான், செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி 2019-இல் வந்தது. ஆழக்கடல் போகும் படகில் அப்படிப்பட்ட கருவியும் விஎச்எஃப் வயர்லெஸும் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள், ஏரியில் யார் எங்கே எந்த நாளில் வலை போடுவது என்பதைப் பாடு முறையில் தலைமுறைகளாகப் பங்கிட்டு வந்திருக்கின்றன. அந்த ஒழுங்கு இருக்கும் ஊர்களுக்கு, கோயில் திடல், ஏலக்கரை, பள்ளி, முகத்துவாரம் என ஒவ்வோர் இடத்திலும் காலை மாலை சிக்னலின் டிபிஎம் எண்ணைக் குறித்துவைப்பது பெரிய வேலை அல்ல. ஒரு மாதக் குறிப்பை ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரில் நிறுவனத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்தால், தனி மனிதரின் முணுமுணுப்பு ஊரின் கோரிக்கையாகும். அப்டேட்டைப் போடுங்கள். எண்ணைக் குறியுங்கள். குறை எங்கே இருக்கிறதோ அங்கே கேளுங்கள்.