லோடு வண்டிக்கு எதுக்குல சப்-ஊஃபர்?

போன மாசம் ஒரு விடியக்காலை. ஆத்தூர்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டு என் தங்கச்சி மகனோட பிக்கப் வண்டியில தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் போய்க்கிட்டிருந்தோம். லோன் போட்டு வாங்கின வண்டி, தவணை இன்னும் முடியல. கம்பெனியில கொடுத்த ஸ்டீரியோ நல்லாத்தான் பாடிக்கிட்டிருந்துச்சு. பயலுக்கு அது பத்தலையாம். 32,000 ரூபா செலவழிச்சு சீட்டுக்குப் பின்னால ஒரு சப்-ஊஃபரும் அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருந்தான். முதுகெலும்பு அதிருது. பக்கத்துல உக்காந்து பேசினாக்கூட கேக்கல.

முக்காணி தாண்டியாச்சு. எதிரே பைக்ல வந்த ஒருத்தர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கிட்டே வாறார். “டயர்ல காத்து இறங்கிட்டோ, பாருல”ன்னேன். அவன் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால 108 ஆம்புலன்ஸ், சைரன் போட்டுக்கிட்டு எங்க வாலைப் பிடிச்சே வந்திருக்கு. ரெண்டு பேர் காதுலயும் அது விழல. சட்டுனு ஒதுங்கி வழி விட்டோம். உள்ளே கிடந்தது யார் வீட்டுப் பிள்ளையோ. அன்னைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கல.

அதனால வெளிப்படையாவே சொல்லுதேன்: லோடு வண்டியில சப்-ஊஃபர் மாட்டுறது தப்பு. ரசனை கிசனைன்னு பேசி இதை மழுப்பக் கூடாது.

நான் பாட்டுக்கு எதிரி இல்ல. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. தண்ணி பாய்ச்சப் போனா டிரான்சிஸ்டரையும் வரப்புல வச்சுக்கிட்டுத்தான் பாய்ச்சுவோம். தனியா வண்டி ஓட்டுறவனுக்குப் பாட்டு ஒரு துணை. ஆனா அந்தத் துணைக்குக் கதவுல இருக்குற ரெண்டு ஸ்பீக்கர் போதும்.

முதல்ல காசுக் கணக்கைப் பார்ப்போம். டப்பா மேல 1,000 வாட், 2,000 வாட்னு போட்டிருப்பான். அதை நம்பாதீங்க. ஆம்ப் பின்னால எத்தனை ஆம்பியர் ப்யூஸ் இருக்குன்னு பாருங்க. 30 ஆம்பியர்னா, 12 வோல்ட்டால பெருக்குங்க, 360 வாட். தொடர்ந்து அது இழுக்குறதே அவ்வளவுதான். அதுலயும் கொஞ்சம் சூடாப் போயிரும். பத்தாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியுற கணக்கு, காசு கொடுத்து வாங்குற பயலுக்குத் தெரியல.

அந்த 30 ஆம்பியர் எங்கேயிருந்து வரும்? வண்டியில இருக்குற ஆல்டர்னேட்டர் ஹெட்லைட், வைப்பர், ஹார்ன், பேட்டரி சார்ஜ் இதுகளுக்குன்னு அளந்து கொடுத்தது. மேல பாரம் ஏத்தினா பேட்டரியில இருந்துதான் உருவும். ஒவ்வொரு அடிக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரியும். கூட்டம் பார்க்குற நேரத்துல எஞ்சினை நிறுத்திட்டுப் பாட்டு மட்டும் போட்டா, அப்புறம் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

பெரிய லாரியில இன்னும் மோசம். அதுல ரெண்டு 12 வோல்ட் பேட்டரியைச் சேர்த்து 24 வோல்ட். கார் ஆம்ப் 12 வோல்ட். முறையா கன்வெர்ட்டர் போடணும். அதுக்குக் காசு பார்த்துக்கிட்டு ஒரே ஒரு பேட்டரியில இருந்து ஒயர் இழுத்துருதாங்க. அந்தப் பேட்டரி சார்ஜ் பத்தாம சாகும், மத்தது சார்ஜ் கூடிப்போய்ச் சாகும். ரெண்டு பேட்டரிக்கும் சேர்த்து அழுறது ஓனர்தான்.

எங்க ஊர் காத்தைப் பத்தியும் சொல்லணும். சாகுபுரம், ஆறுமுகநேரி சுத்தி உப்பளம். இரும்பு கேட் ரெண்டு மழைக்கு உதிரும். கடையில பையன் அவசரமா முறுக்கி டேப் சுத்தின ஜாயிண்ட் இங்க எத்தனை நாள் தாங்கும்? பேட்டரி பக்கத்துலேயே ப்யூஸ் போடாம நேரா ஒயர் இழுத்திருந்தா, அது சேசிஸ்ல உரசித் தோல் கிழிஞ்ச அன்னைக்குத் தீதான்.

இதையெல்லாம் விடப் பெரிசு காது. டிரைவருக்குக் கண்ணு எவ்வளவோ காதும் அவ்வளவு. வீல் பேரிங் போகப்போகுதுன்னா முனகும். பிரேக் தேஞ்சா கீச்சுன்னு கத்தும். தார் சரிஞ்சா பின்னால ஒரு சத்தம் வரும். எங்க அப்பா மாட்டுவண்டி அச்சாணிச் சத்தத்தை வச்சே “எண்ணெய் போடுல”ன்னு சொல்லுவார். இவன் வண்டி கத்தினாலும் கேக்கமாட்டான். 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு தொழிற்சாலைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. மூணு மூணு டெசிபல் கூடக்கூட நேரம் பாதி பாதியாக் குறையும். 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். போன காது திரும்பி வராது.

“ராத்திரி தூக்கம் வராம இருக்கத்தான் மாமா”ன்னு சொன்னான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தாம்ல. ஓரங்கட்டி அரை மணி நேரம் படு, எழுந்து ஒரு டீ குடி. பெட்டி அடிக்க அடிக்கவே கண்ணு சொருகும்.

ஊர்க்காரன் தூக்கத்தையும் பாக்கணும். நாங்க தார் ஏத்துறது நாலு மணிக்கு. 2000-ஆம் வருச ஒலி மாசு விதிப்படி குடியிருப்புல ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைக்கும் 45 டெசிபல்தான். பகலுக்கே 55. பேஸ் சத்தம் சுவரையும் தாண்டிப் போகும். வீட்டுக்குள்ள ஜன்னல் அதிரும்.

இதைப் படிச்சிட்டு, “ஆமா, இந்தக் கிராமத்து டிரைவர்களே இப்படித்தான்”னு சென்னையில இருந்து தலையாட்டுற அண்ணாச்சிகளே, கொஞ்சம் நில்லுங்க. கண்ணாடியை ஏத்திவிட்டு ஏசி கார்ல இதே பெட்டியை அலறவிடுற உங்களுக்கும் அதே விதிதான். பாட்டுக்கு லாரி குலுங்குற வீடியோவுக்கு லைக் போட்டு இவனுகளை உசுப்பேத்துறதுல நீங்களும் உண்டு. உங்க பின்னாலயும் 108 வரும்.

நல்ல சத்தம் வேணும்னா கதவு ஸ்பீக்கர் ரெண்டையும் தரமானதா மாத்து, பேசினாக் கேக்குற அளவுல வை. மத்ததை வீட்டுல வச்சுக் கேளு. மருமவன்கிட்ட இதைத்தான் சொன்னேன். பெட்டியை இன்னும் கழட்டல. ஆனா நான் ஏறினா இப்ப அவனே அமத்திருதான். அடுத்த தவணை கட்டக் காசு குறைஞ்சா விக்கிறேன்னுருக்கான். நம்ம தாரை ஏத்தணும்னா இப்பவே கழட்டிட்டு வாலன்னு நானும் சொல்லிட்டேன்.